இசைவு: நொய்யலிலிருந்து உலாவி வரை

இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே திருப்பூர்ப் பக்கத்தில் 'கன்சென்ட்' என்ற ஆங்கிலச் சொல் புழங்கத் தொடங்கிவிட்டது. சாயப்பட்டறை வைத்திருப்பவர்கள் கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டால்கூட, 'கன்சென்ட் புதுப்பிச்சாச்சுங்களா?' என்று விசாரித்துக்கொள்வார்கள். கழிவுநீரை வெளியே விடும் எந்தத் தொழிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும் என்கிறது 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அந்த அனுமதிக்குச் சட்டம் இட்ட பெயர்தான் கன்சென்ட். அரசாங்கத் தமிழில் அதை 'இசைவாணை' என்று எழுதுகிறார்கள். ஆணைக்கு முன்னால் இசைவு என்ற மென்மையான சொல்லைக் கொண்டுவந்து வைத்த மொழிபெயர்ப்பாளர் யாரோ, ரசிகர்தான்.

பல்லடம், திருப்பூர் வட்டாரத்தில் வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் நிறுவனங்களின் இணையத்தளங்களில் இப்போது அதே சொல் வேறொரு வேடத்தில் வந்து நிற்கிறது. தளத்தைத் திறந்தவுடன் திரையின் அடியில் ஒரு பெட்டி எழும்புகிறது. 'இத்தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது' என்று ஒரு வரி. 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்று பளிச்சென்ற நிறத்தில் ஒரு பொத்தான். அதன் பக்கத்தில், சில சமயம் மங்கலாக, 'விருப்பங்களை மாற்று' என்று இன்னொன்று. இதற்கும் கன்சென்ட் என்றுதான் பெயர். விளம்பரத்துக்காகவும் வருகைக் கணக்குக்காகவும் நம்மைப் பின்தொடர நாமே தரும் இசைவு.

ஆற்றில் சாயத்தை விடுவதற்கும் உலாவியில் குக்கியை வைப்பதற்கும் ஒரே சொல் வாய்த்திருப்பதை வெறும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இரண்டின் வரலாற்றிலும் ஒரே கேள்விதான் ஓடுகிறது: யாரைக் கேட்டு?

நொய்யலின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் ஒரு சுற்று சொல்லிவிடுகிறேன். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. பல்லடம் அதற்குத் தெற்கே, கோவை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. (பிரிட்டிஷ் ஆட்சியில் திருப்பூரே பல்லடம் தாலுக்காவுக்குள் அடங்கிய ஊர்தான். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது உறவு தலைகீழாகிவிட்டது.) பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக ஆறு நிறம் மாறியது. ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்கழிவின் தொட்டியானது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம், மீண்டும் உயர்நீதிமன்றம் என்று அலைந்து, கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பட்டறைகளில் பலவற்றிடம் இசைவாணை என்ற காகிதம் ஏதோ ஒரு காலத்தில் இருந்திருக்கும். அதைக் கொடுத்தது வாரியம், வாங்கியது பட்டறை. கழிவு போய்ச் சேர்ந்த நிலத்துக்காரரின் இசைவுக்கு அந்தக் காகிதத்தில் கட்டமே கிடையாது.

நிற்க. குக்கிக்கு வருவோம்.

குக்கியைத் தொழில்நுட்பத்தின் வழியே விளக்குவதைவிட ஒரு பழைய சட்டையின் வழியே விளக்குவது எளிது. சலவைக்குப் போய்வந்த சட்டையின் கழுத்துப்பட்டிக்குள் புள்ளியும் கோடுமாக ஒரு குறி இருக்கும். வண்ணான் குறி என்று முந்தைய தலைமுறையினர் சொல்வார்கள். ஊர்த்துணி முழுவதும் ஒரே வெள்ளாவியில் வெந்தாலும் எது எந்த வீட்டுத் துணி என்று பிரித்தெடுக்க உதவுவது அந்தக் குறிதான். சட்டையை அணிந்திருப்பவருக்கு அதன் பொருள் தெரியாது. இட்டவருக்கு மட்டுமே தெரியும். சேராங்கொட்டையின் பாலால் இட்ட குறி எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது. துணியை அடையாளம் காண உதவிய குறி ஆளையும் அடையாளம் காட்டும் என்று காவல்துறை வெகுவிரைவில் கண்டுகொண்டது. பெயர் தெரியாத பிணம் கிடைத்தால் முதலில் சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பிடரியில் காரணம் தெரியாத தடிப்புகள் வந்தன. சலவைக் குறியின் சேராங்கொட்டை மைதான் தோலைக் கடிக்கிறது என்று 1943இல் அவர்களுடைய மருத்துவர்கள் எழுதினார்கள். தன் சட்டையில் குறி இருக்கிறது என்பதையே அந்தச் சிப்பாய்களில் பலர் தடித்த பிறகுதான் அறிந்திருப்பார்கள்.

இணையத்துக்கு இந்தக் குறி ஏன் வேண்டியிருந்தது? இணையப் பக்கத்தை அனுப்பும் வழங்கிக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரே அடுத்த பக்கத்தையும் கேட்கிறாரா என்று அதற்குத் தெரியாது. கடைக்காரர் ஒவ்வொரு பொருளை எடுத்துக் கொடுத்த பின்னும் வாடிக்கையாளரை மறந்துவிட்டால் கணக்குப் போடுவது எப்படி? நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி என்ற இளைஞர் 1994இல் ஒரு வழி செய்தார். ஞாபகத்தைக் கடையில் வைக்காமல் வாடிக்கையாளரின் சட்டைப்பையிலேயே ஒரு சீட்டாகப் போட்டுவிடுவது. அவர் மறுபடி வரும்போது சீட்டை எடுத்துப் பார்த்துக்கொள்வது. யூனிக்ஸ் நிரலாளர்கள் இத்தகைய சீட்டை ஏற்கெனவே 'மேஜிக் குக்கி' என்று அழைத்து வந்தார்கள். தின்பண்டப் பெயர் அங்கிருந்து வந்தது. அதில் தீய எண்ணம் ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான நிரந்தர எண் ஒன்றைக் கொடுத்துவிடாமல், ஒரு தளம் இட்ட குறியை அந்தத் தளம் மட்டுமே படிக்கலாம் என்று அவர் வரம்பு கட்டியது நல்ல சிந்தனைதான்.

1994 அக்டோபரை இந்த வரலாற்றின் முக்கியமான மாதமாக நான் கருதுகிறேன். அம்மாதம் 13ஆம் தேதி குக்கியைச் சுமந்த நெட்ஸ்கேப் உலாவியின் சோதனைப் பதிப்பு வெளியானது. 27ஆம் தேதி ஹாட்வயர்டு என்ற இணைய இதழ் தன் பக்கங்களில் பதாகை விளம்பரங்களோடு வெளிவந்தது; ஏடி அண்ட் டி நிறுவனத்தின் புகழ்பெற்ற விளம்பரம் அவற்றில் ஒன்று. குறியும் விளம்பரமும் இரண்டு வார இடைவெளியில் பிறந்த பிள்ளைகள்.

இவை இரண்டுக்கும் சில நாள் முன்னதாக, அதே அக்டோபர் 7ஆம் தேதி, தில்லியில் உச்சநீதிமன்றம் ஒரு தமிழ் வார இதழின் வழக்கில் தீர்ப்பளித்தது. நக்கீரன் வழக்கு. சட்ட நூல்களில் இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. கொலைவழக்குகளில் மரணதண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர், சுமார் 300 பக்கத்தில் தன் வரலாற்றை எழுதி, நக்கீரனில் வெளியிடும்படி மனைவி மூலம் கொடுத்தனுப்பினார் என்பது இதழின் தரப்பு. காவல்துறை, ஆட்சிப்பணி அதிகாரிகள் சிலரோடு தமக்கிருந்த தொடர்பை அவர் அதில் எழுதியிருந்ததாகச் சொல்லப்பட்டது. 1994 ஜூன் மாதம் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து இதழுக்கு ஒரு கடிதம் போயிற்று. அப்படி ஒன்றை அவர் எழுதவேயில்லை, வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று. அன்றைய தமிழ்நாட்டில் அரசை எதிர்த்துப் பத்திரிகை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள் அந்தக் கடிதத்தின் கனத்தையும் அறிவார்கள்.

இது பத்திரிகைச் சுதந்திர வழக்காகவே நினைவில் நிற்கிறது. அது நியாயம்தான், வெளியாவதற்கு முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு இன்னொரு காரியத்தையும் செய்தது. தனித்து விடப்படுவதற்கான உரிமை, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவிலேயே அடங்கியிருக்கிறது என்றது. ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்றவற்றைப் பற்றி அவருடைய சம்மதமில்லாமல் யாரும் வெளியிடலாகாது. வெளியிடுவது உண்மையா பொய்யா, புகழா பழியா என்பது பொருட்டல்ல என்றது. நீதிமன்றப் பதிவுகள் போன்ற பொது ஆவணங்களில் ஏற்கெனவே இருப்பதற்கு விலக்கு உண்டு. அதன்படி ஆட்டோ சங்கரின் சம்மதம் இல்லாமலேயேகூட அந்த அளவுக்கு நக்கீரன் எழுதலாம். 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். தூக்குக்காகக் காத்திருந்த ஒரு கொலைக்குற்றவாளிக்கும் தன் கதையின்மேல் ஓர் உரிமை உண்டு என்று எழுதிவைத்த தீர்ப்பு எஞ்சியது. அந்தரங்கத்தின் திறவுகோல் சம்மதம் என்பது நம் நாட்டுச் சட்டத்தில் இவ்வளவு துலக்கமாக அமைந்தது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் புண்ணியத்தில் என்பதை நம் இலக்கிய வட்டாரம் போதிய அளவு நினைத்துப் பார்த்ததில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு.

அதே மாதத்தில் பிறந்த குக்கி யாருடைய சம்மதத்தையும் கேட்கவில்லை. 1996 பிப்ரவரியில் பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் எழுதிய பிறகே அப்படி ஒன்று தம் கணினியில் இருப்பது பலருக்குத் தெரிந்தது. மான்டுல்லி கட்டிய வரம்புக்கும் அதற்குள் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருந்தார்கள். அதைப் புரிந்துகொள்ளத் திருப்பூர்க்காரர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், கட்டிங் முடிந்து தையலுக்குப் பவர்டேபிள், பிறகு செக்கிங், அயர்னிங். ஆனால் கழுத்தில் தைக்கும் லேபிளில் இருப்பது ஒரே ஒரு பெயர். இணையப் பக்கமும் அப்படித்தான் ஆகிப்போனது. நாம் போவது ஒரு செய்தித்தளத்துக்கு. அந்தப் பக்கத்திலுள்ள விளம்பரக் கட்டத்தை நிரப்புவது வேறு நிறுவனம். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது மற்றொன்று. கட்டத்தை நிரப்பும் நிறுவனம் தன் சொந்தக் குறியையும் நம்மீது இட்டுவிடுகிறது. அடுத்த தளத்திலும் அதே நிறுவனம் இருந்தால், குறியைப் பார்த்து நாம்தான் என்று கண்டுகொள்கிறது. 'மூன்றாம் தரப்புக் குக்கி' என்பது இதுவே. பல்லடத்தில் விசைத்தறிக்குப் பாவு வரும்போதும், நெய்த காடாத்துணி திரும்பிப் போகும்போதும் சீட்டு ஒன்று கூடவே போகும். யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை மீட்டர் என்று. இணைய ஜாப் ஒர்க்கில் துணிக்குச் சொந்தக்காரருக்கு அந்தச் சீட்டு வருவதில்லை.

இதை ஆரம்பத்திலேயே தடுத்திருக்கலாம். 1997 பிப்ரவரியில் டேவிட் கிறிஸ்டலும் மான்டுல்லியும் சேர்ந்து எழுதிய ஆர்.எஃப்.சி. 2109 என்ற தரநிலை ஆவணம், மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவிகள் இயல்பாக அனுமதிக்கலாகாது, பயனர் விரும்பினால் மட்டுமே திறந்துவிடலாம் என்றது. அப்போது களத்திலிருந்த இரு பெரும் உலாவிகளான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அந்த அறிவுரையைச் செயல்படுத்தவில்லை. விளம்பரத் தொழில் அதற்குள் வேர்விட்டிருந்தது. மறுப்பே இயல்புநிலை, ஏற்பு விதிவிலக்கு என்று இருக்க வேண்டியது அன்று தலைகீழானது. அதற்குப் பிறகு வந்த சட்டங்கள் அனைத்தும் அந்தத் தலைகீழை நிமிர்த்தும் முயற்சிகள்தாம். 2005இல் கூகுள் தன் வருகைக் கணக்குச் சேவையை இலவசமாகத் தந்தபோது, எண்ணும் பழக்கம் ஒற்றை ஆள் நடத்தும் தளங்களிலும் மேலும் பரவியது. வருகையாளரை எண்ணிப் பார்த்து மகிழாத எழுத்தாளர் உண்டா என்ன!

ஐரோப்பியர்கள் 2002இல் ஒரு நெறியாணை கொண்டுவந்தார்கள். குக்கி வைப்பதைச் சொல்லிவிட்டு, மறுக்க வாய்ப்பும் தந்தால் போதும். 2009இல் அதைத் திருத்தி, முன்கூட்டியே இசைவு பெறவேண்டும் என்றார்கள். 2018 மே 25இல் அமலுக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, இசைவு என்றால் என்ன என்பதை வரையறுத்தது. அதன் முகவுரையில் ஒரு வாசகம் இருக்கிறது: மௌனமோ, முன்கூட்டியே குறியிட்ட கட்டமோ, செயலற்றிருப்பதோ இசைவு ஆகாது என்ற பொருளில். 'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்று எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் அந்த வாசகத்தின் அருமை தெரியும். பிளானட்49 என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் வழக்கில் 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நிறுவனமே 'டிக்' போட்டு வைத்துவிட்டு, வேண்டாதவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது செல்லாது.

அதன் பின்னர் தந்திரம் இடம் மாறியது. ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்க நாலைந்து சொடுக்கு. இதற்காகவே பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. 2025 செப்டம்பரில் ஆடை விற்கும் ஷீன் நிறுவனத்துக்கு 15 கோடி யூரோ. வந்தவர் பெட்டியைத் தொடுமுன்பே குக்கிகளை வைத்தது, மறுத்த பின்னும் சரியாக நிறுத்தாதது ஆகியவை குற்றங்கள். வாசலில் 'உள்ளே வரலாமா' என்று கேட்டுக்கொண்டே கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது மாதிரி. அத்தனை பேரும் அலுத்துப் போய் எதையும் படிக்காமல் ஏற்பை அமுக்குகிறார்கள் என்பதை ஐரோப்பிய ஆணையமே ஒப்புக்கொண்டு, பெட்டிகளைக் குறைத்து உலாவியிலேயே ஒருமுறை விருப்பத்தைச் சொல்லிவைக்கும் ஏற்பாட்டை 2025 நவம்பரில் முன்மொழிந்தது. 1997இல் சொன்ன இடத்துக்கே சுற்றி வந்திருக்கிறார்கள்.

ஐரோப்பா திருப்பூரின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 3ஆம் பிரிவு, ஐரோப்பாவில் இருப்பவருக்குப் பொருளோ சேவையோ வழங்க முனையும் நிறுவனம் உலகில் எங்கிருந்தாலும் அதைக் கட்டுப்படுத்தும் என்கிறது. உலகெங்கும் பல தளங்கள், வருபவரின் நாட்டைப் பார்த்து ஐரோப்பியருக்குப் பெட்டியைக் காட்டின. மற்றவர்களுக்குக் காட்டாமல் குக்கியை வைத்தன. ஆகவே 2018க்குப் பிறகு சில ஆண்டுகள் ஒரு விசித்திரமான நிலை நிலவியது. பல்லடத்துப் பக்கம் தைத்த பனியனை மிலானில் இருந்து இணையத்தில் வாங்குகிறவருக்கு, 'என்னைப் பின்தொடராதே' என்று சொல்லச் சட்டப்படி உரிமை இருந்தது. அதைத் தைத்த பெண் ஷிப்டு முடிந்து தன் கைப்பேசியில் அதே தளத்தைத் திறந்தால் அவரைக் கேட்க ஆளில்லை.

நம் பக்கத்துச் சட்டம் மெதுவாக வந்தது. ஆதார் திட்டத்தை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கிலிருந்து எழுந்த கேள்விக்கு, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக விடை சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமையே. நக்கீரன் தீர்ப்பும் அங்கே எடுத்து ஆராயப்பட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. குக்கி என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் இசைவு என்பது சுதந்திரமாக, குறிப்பிட்ட காரியத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும். தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இசைவு பற்றிய முக்கியக் கடமைகளுக்கு அங்கிருந்து பதினெட்டு மாதத் தவணை, அதாவது 2027 மே.

இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் இச்சட்டத்தில் உண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும். தமிழில் அதை எழுதப் போகிறவர் எந்தச் சொல்லைப் போடுவார்? 'ஒப்புதல்' என்றால் நாளிதழ் படிப்பவர்களுக்கு அடுத்த சொல் 'வாக்குமூலம்' என்று ஓடிவரும். 'சம்மதம்' என்றால் பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் தலைகுனிந்து நிற்கும் காட்சி. 'இசைவு' நல்ல சொல். இரண்டு பேர் சேர்ந்தால்தான் இசைய முடியும். என் வாக்கு அதற்கே.

இரண்டாவது, சட்டத்தின் ஆங்கில மூலத்தில் தனிநபரைக் குறிக்கும் இடமெல்லாம் 'அவள்' என்றே வருகிறது. 'அவன்' என்று எழுதி 'அவளையும் குறிக்கும்' என்று அடிக்குறிப்புப் போடும் பழக்கத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பெண்கள் பெருந்திரளாக உழைக்கும் பின்னலாடைத் தொழிலுக்கு இது பொருத்தமான பிரதிப்பெயர் என்று மகிழ்ந்துகொண்டே 7ஆம் பிரிவுக்கு வந்தால் மகிழ்ச்சி குறைகிறது. வேலைவாய்ப்பின் பொருட்டும், முதலாளியை நட்டத்திலிருந்து காக்கும் பொருட்டும் தொழிலாளியின் தரவைப் பயன்படுத்த அவள் இசைவு தேவையில்லை என்கிறது அது. ஐரோப்பாவிலும் தொழிலாளியின் இசைவைப் பெரிதாக நம்புவதில்லை. வேலைக்கு அஞ்சித் தரும் இசைவு எப்படிச் சுதந்திரமானது என்று கேட்டு, வேறு காரணங்களைக் காட்டச் சொல்கிறார்கள். ஆனால் என்ன திரட்டுகிறோம் என்று சொல்லும் கடமையை அங்கே விட்டுவிடவில்லை. இங்கே அறிவிப்பும் அதன் 22 மொழிகளும் இசைவு கேட்கும் இடத்துக்கு மட்டும் உரியவை. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் 11ஆம் பிரிவின் உரிமையும் இசைவு தந்தவளுக்கே.

ஆகையால் 2027 மே மாதத்துக்குப் பிறகு, ஒடிசாவிலிருந்து வந்து பல்லடத்து நூற்பாலையின் விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண், இரவு கைப்பேசியில் சுடிதார் விற்கும் தளமொன்றைத் திறந்தால், அந்தத் தளம் அவளுடைய ஒடிய மொழியிலேயே இசைவு கேட்கும் வாய்ப்பைத் தந்தாக வேண்டும். வேண்டாம் என்றால் விட வேண்டும். காலையில் வாசலில் கைரேகை வைக்கும் இயந்திரத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.